திரையில் நகர்த்தினால் கன்ட்ரோலரின் மோட்டார் ஃபேடர் நகரவில்லை, ஏன்?

கன்ட்ரோலரின் ஃபேடரை (ஒலியளவை மாற்றும் சறுக்குக் குமிழ்) அசைத்தால் திரையிலும் அது நகர்கிறது, ஆனால் திரையில் நகர்த்தினால் கன்ட்ரோலர் சும்மா இருக்கிறது என்றால், பெரும்பாலும் மிடி (இசைக் கருவிகளும் கணினியும் செய்தி பரிமாறும் முறை) அவுட்புட் காலியாக விடப்பட்டிருக்கும். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பிரெஃபரன்சஸ் போய், மேக்கி கன்ட்ரோல் யுனிவர்சலை (ஃபேடர் கன்ட்ரோலர்கள் மென்பொருளோடு பேசும் ஒரு முறை) சேர்க்கும் பெட்டியில் இன்புட், அவுட்புட் இரண்டுக்கும் அதே கருவியின் போர்ட்டைக் கொடுங்கள். கருவியும் மேக்கி மோடில் இருக்க வேண்டும். சாதாரண சிசி (கன்ட்ரோல் சேஞ்ச்) மோடில் விட்டால் ஒன்றும் பொருந்தாது: மேக்கியில் ஃபேடரின் இடம் பிட்ச் பெண்ட் என்ற மிடி செய்தியாகப் போகும், 8 ஃபேடருக்கு 1 முதல் 8 வரை சேனல்கள், மாஸ்டருக்கு 9.

ஃபேடர் நகர்கிறது, ஆனால் விரலோடு மல்லுக்கட்டுகிறதா? அப்படியானால் தொடு உணர்வைச் சந்தேகப்படுங்கள். வரும் மிடி செய்திகளைக் காட்டும் மிடி மானிட்டரைத் திறந்து முதல் ஃபேடரைத் தொடுங்கள். நோட் 104, வெலாசிட்டி 127 வர வேண்டும், விரலை எடுத்ததும் 0. இது வராவிட்டால் நீங்கள் பிடித்திருப்பது மென்பொருளுக்குத் தெரியாது, பழைய இடத்துக்கே மோட்டாரை இழுத்துக்கொண்டிருக்கும்.

பலர் கவனிக்காத இன்னொன்று: மிடி டிவைசஸ் பட்டியலில் அந்தப் போர்ட்டின் இன்புட்டை அணைத்துவிடுங்கள். இல்லையேல் எல்லா மிடி இன்புட்டையும் ஏற்கும் டிராக்கில், பதிவின்போது ஒவ்வொரு தொடுகையும் நோட்டாக விழும்.