நச்சு நீக்கச் சிகிச்சையை மீண்டும் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. பழைய மரக் கதவுகள், சன்னல்கள், நாற்காலிகள் ஆகியவற்றைப் புதுப்பித்துக் கொடுக்கும் வேலை செய்கிறேன். ஆறு மாதங்களாகக் கடும் சோர்வு, மலச்சிக்கல், அவ்வப்போது வயிற்றைப் பிடித்து இழுப்பது போன்ற வலி, தலைபாரம் இருக்கின்றன. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். உடலில் நச்சு சேர்ந்துவிட்டது என்று ஒருவர் சொன்னதன் பேரில் ஏழு நாட்கள் சாறு மட்டும் குடித்து, பேதிப் பொடி சாப்பிட்டு, எனிமாவும் எடுத்துக்கொண்டேன். இரவில் உள்ளங்காலில் ஒட்டிய பட்டை காலையில் கறுத்துப் போயிருந்தது. இரண்டு நாட்கள் உடல் லேசாக இருந்தது. பிறகு பழைய நிலைமைதான். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும் என்கிறார்கள். செய்யலாமா? நச்சுகளை முழுமையாக வெளியேற்ற வழி என்ன? என் மகளுக்கு 4 வயது. அவளுக்கும் ஏதாவது கொடுக்க வேண்டுமா?

பதில்: இந்தச் சிகிச்சையை நீங்கள் மீண்டும் எடுக்க வேண்டாம், உங்கள் மகளுக்கு இதற்காக எந்தப் பொடியையும் சாற்றையும் கொடுக்கவே வேண்டாம். ஆனால் உடலில் நச்சு சேர்ந்திருக்குமோ என்ற உங்கள் அச்சத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. பழைய மரச் சாமான்களைப் புதுப்பிக்கும் வேலை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் படுகிறது. பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சுரண்டும்போதும் உப்புத்தாளால் தேய்க்கும்போதும் எழும் தூசி தொடர்ந்து உடலுக்குள் போனால் சோர்வு, மலச்சிக்கல், விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, தலைவலி என்று நீங்கள் சொல்லும் தொல்லைகள் அனைத்தும் வரலாம். இரத்த அழுத்தமும் கூடலாம். ஏழு நாட்கள் உங்களுக்குச் சிகிச்சை கொடுத்தவர்கள் எந்த நச்சு என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

நம் உடலில் அன்றாடம் உண்டாகும் கழிவுகளையும் உணவு, மருந்து, காற்று வழியாக வரும் வேண்டாத பொருள்களையும் கல்லீரலும் சிறுநீரகங்களும் நுரையீரலும் ஓய்வின்றி வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. புரதம் சிதையும்போது உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டி, தேவையானதையெல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை மட்டும் சிறுநீராக அனுப்புகின்றன. கொழுப்பில் கரையும் பொருள்களைக் கல்லீரல் முதலில் நொதிகளால் மாற்றி, பிறகு அவற்றோடு குளூட்டாதயோன் (செல்களில் இயல்பாகவே இருக்கும் காப்புப் பொருள்), சல்பேட் போன்றவற்றை இணைத்து, பித்தநீரிலோ சிறுநீரிலோ போகும்படி செய்கிறது.

இந்த வேலையின் எல்லை எங்கே இருக்கிறது என்பதைப் பாராசிட்டமால் மாத்திரையில் தெளிவாகக் காணலாம். வழக்கமான அளவில் சாப்பிடும்போது அதில் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சுப் பொருளாக மாறினாலும், குளூட்டாதயோன் உடனே அதைப் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் குளூட்டாதயோன் இருப்பு தீர்ந்து, மிஞ்சிய நச்சு கல்லீரல் செல்களைக் கொல்லத் தொடங்குகிறது. அப்போது மருத்துவமனையில் என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்தைக் கொடுத்து, தீர்ந்துபோன அந்தக் குளூட்டாதயோனை மீட்கிறோம். நச்சு எது, அது என்ன செய்கிறது, அதற்கு மாற்று எது என்ற மூன்றும் தெரிந்து செய்யப்படுவதால்தான் அது சிகிச்சையாகிறது.

உடலுக்குள்ளேயே உண்டாகும் நச்சுகள் தேங்கும் நோய்களும் இருக்கின்றன. சிறுநீரகம் செயலிழந்தால் யூரியாவும் பொட்டாசியமும் ஏறும். கல்லீரல் முற்றிய நிலையில் பழுதடைந்தால் அம்மோனியா ஏறி மனக்குழப்பமும் மயக்கமும் வரும். இவற்றை இரத்தத்தில் அளந்து பார்க்க முடியும். முன்னதற்கு டயாலிசிஸ், பின்னதற்கு லாக்டுலோஸ் போன்ற மருந்துகள் என்று சிகிச்சையும் இருக்கிறது. சாறு குடித்து இவற்றைச் சரிசெய்ய முடியாது என்பது மட்டுமல்ல, சிறுநீரக நோயாளி பொட்டாசியம் மிகுந்த சாறுகளைக் குடித்தால் இதயத் துடிப்பே பாதிக்கப்படலாம்.

அப்படியானால் எனிமாவுக்குப் பிறகு உடல் லேசானது எப்படி என்று கேட்பீர்கள். நீங்கள் உணர்ந்தது உண்மை. அதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் தவறு. குடலில் தேங்கும் மலத்திலிருந்து நச்சு இரத்தத்தில் கலந்து எல்லா நோய்களையும் உண்டாக்குகிறது என்ற கருத்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரும் செல்வாக்குடன் இருந்தது. லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், மலச்சிக்கல் உள்ளவர்களின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார் என்றால் அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் போனது என்று பாருங்கள். 1919இல் அல்வாரெஸ், 1922இல் டொனால்ட்சன் ஆகிய அமெரிக்க மருத்துவர்கள் இதைக் கேள்விக்கு உள்ளாக்கினார்கள். மலம் கழிந்த உடனேயே தலைபாரமும் சோர்வும் விலகிவிடுகின்றன; இரத்தத்தில் நச்சு கலந்திருந்தால் அது நீங்குவதற்குப் பல மணி நேரமாவது ஆகும். மேலும், மலக்குடலில் வெறும் பஞ்சை வைத்து அடைத்தபோதும் அதே தலைபாரமும் அசதியும் வந்தன. பஞ்சில் நச்சு ஏது? மலக்குடல் விரிவடையும்போது நரம்புகள் வழியாக ஏற்படும் உணர்வு அது. உங்களுக்கும் அடைப்பு நீங்கியதால் சுகம் கிடைத்தது. மலச்சிக்கலுக்கான மூல காரணம் அப்படியே இருந்ததால் இரண்டே நாட்களில் பழைய நிலை திரும்பிவிட்டது. குடலின் உட்சுவரில் வருடக்கணக்காகக் கழிவு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதும் உண்மையில்லை. குடலின் மேற்பூச்சுச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக வளர்கின்றன.

கால் பட்டை கறுப்பது வியர்வையின் ஈரத்தால். அதே பட்டையில் சில சொட்டுச் சுத்தமான தண்ணீரை விட்டுப் பாருங்கள், அப்போதும் நிறம் மாறும். எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்துப் பித்தப்பைக் கற்களை வெளியேற்றுவதாகச் சொல்லும் முறையும் இத்தகையதே: மலத்தில் வரும் பச்சை நிற உருண்டைகள், குடித்த எண்ணெயே குடலில் சோப்பு போலத் திரண்டு உருவானவை.

இவை பயன் தராவிட்டாலும் தீங்கில்லை என்று விட்டுவிடவும் முடியவில்லை. உங்கள் இரத்த அழுத்த மாத்திரை சிறுநீரைப் பெருக்கும் வகையாக இருந்தால், அதோடு பேதியும் எனிமாவும் சேரும்போது சோடியமும் பொட்டாசியமும் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். சிறுநீரகத்தில் படிகமாகப் படியக்கூடிய ஆக்சலேட் என்ற உப்பு மிகுந்த கீரைச் சாறுகளை நாள்தோறும் பெருமளவில் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் இருக்கிறார்கள். உங்களைப் பொறுத்தவரை இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. வெறும் வயிற்றில் ஈயத்தைக் குடல் பல மடங்கு கூடுதலாக உறிஞ்சுகிறது. சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைந்திருந்தால் இன்னும் அதிகம். உணவை நிறுத்திவிட்டுச் சாறு மட்டும் குடித்த அந்த ஏழு நாட்களில் நீங்கள் வேலைக்கும் போயிருந்தால், நச்சை நீக்க எடுத்த முயற்சியே நச்சு உள்ளே செல்வதற்கு வழி திறந்திருக்கும்.

ஈயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெயின்டின் நிறத்துக்காகவும் விரைவில் காய்வதற்காகவும் நெடுங்காலம் ஈயச் சேர்மங்கள் அதில் கலக்கப்பட்டன. பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்பது இப்போது உலக அளவில் பரிந்துரைக்கப்படும் வரம்பு. பழைய மரத்தில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் பெயின்டில் இதைவிடப் பல நூறு மடங்கு இருக்கலாம். தூசியாகவும், பெயின்டைச் சூடாக்கி உரிக்கும்போது புகையாகவும் அது மூச்சில் போகிறது. கையிலிருந்து உணவுக்கும், உடையிலிருந்து வீட்டுக்கும் போகிறது. இரத்தத்தில் சேர்ந்த ஈயம் பாதியாகக் குறையச் சுமார் ஒரு மாதம் ஆகும். எலும்பில் அது சுண்ணாம்புச் சத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு பத்து, இருபது ஆண்டுகள், அதற்கு மேலும்கூடத் தங்கி, சிறிது சிறிதாக இரத்தத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். ஹீமோகுளோபின் உற்பத்தியை அது தடுப்பதால் இரத்தசோகையும் வரும்.

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்ப்பது. இரத்தநாளத்திலிருந்து எடுத்த இரத்தத்தில் செய்யப்படும் பரிசோதனையே நம்பத்தக்கது. முடியை அனுப்பிப் பார்ப்பதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு சிறுநீரில் உலோகங்களை அளப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த மருந்து யாருக்குக் கொடுத்தாலும் சிறுநீரில் உலோகத்தைக் கூட்டிக் காட்டும். அந்த எண்ணை மருந்து எடுக்காதவர்களுக்கான அளவோடு ஒப்பிட்டு 'உங்களுக்கு நச்சு அதிகம்' என்று சொல்வது பெரும் தவறு. ஈயத்தோடு சேர்த்து ஹீமோகுளோபின், இரும்புச் சத்து, சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். சோர்வும் மலச்சிக்கலும் தைராய்டு குறைவிலும் வரும். ஈயம்தான் என்று நான் எழுத்தின் மூலமாக முடிவு கட்டிவிட முடியாது. மலச்சிக்கலோடு மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவை இருந்தால் குடலையும் பரிசோதித்தாக வேண்டும்.

இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டருக்கு) 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது உலகச் சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல். ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் உண்மையாகவே இருக்கின்றன. குழந்தைகளுக்கு அளவு 45 மைக்ரோகிராமை எட்டினால் அவை தேவைப்படும். பெரியவர்களுக்கு அளவையும் அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்வோம். அவற்றை மருத்துவமனைக்கு வெளியே யாரிடமும் ஏற்றிக்கொள்ளாதீர்கள். இவற்றில் ஒன்றான இடிடிஏ மருந்தில் கால்சியம் சேர்ந்த வகை ஒன்று, சேராத வகை ஒன்று உண்டு; பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதால் இரண்டாவது வகையைத் தவறுதலாக ஏற்றி, இரத்தத்தில் கால்சியம் சரிந்து இறந்தவர்கள் உண்டு. மேலும், மூலத்தை நிறுத்தாமல் இந்த மருந்தைக் கொடுத்தால், வெளியேறியது போக மீண்டும் சேர்ந்துகொண்டேதான் இருக்கும்.

உள்ளே போகும் வழியை அடைப்பது எவ்வளவு பலன் தரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் 1976க்கும் 1980க்கும் இடையே 1 முதல் 5 வயதுக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் சராசரியாகச் சுமார் 15 மைக்ரோகிராம் இருந்தது. பெட்ரோலிலும் பெயின்டிலும் உணவு டப்பாக்களின் பற்றவைப்பிலும் ஈயம் நீக்கப்பட்ட பின் அது இன்று 1க்கும் கீழே இறங்கிவிட்டது. அந்தக் குழந்தைகளில் யாருக்கும் சாறு கொடுத்தோ குடலைக் கழுவியோ இது நடக்கவில்லை.

உங்கள் வேலையிடத்திலும் இதையே செய்யலாம். காய்ந்த பெயின்டைத் தேய்க்காமல் ஈரப்படுத்திச் சுரண்டுங்கள். நெருப்பால் கருக்கி உரிக்க வேண்டாம். தூசியைத் துடைப்பத்தால் கூட்டினால் அது காற்றில் கிளம்பும், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். துணி முகக்கவசம் போதாது. நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம் வேண்டும். வேலையிடத்தில் சாப்பிடுவதும் புகைப்பதும் கூடாது. கையை வெறும் தண்ணீரில் அலசாமல் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே உணவைத் தொடுங்கள். வேலைக்குச் சாப்பிடாமல் போகாதீர்கள். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் உள்ள உணவு உங்களுக்கு எந்த நச்சு நீக்கப் பொடியையும்விட மேலானது. இரத்தப் பரிசோதனையின் முடிவு வரும்வரை பழைய பெயின்ட் வேலையை நிறுத்தி வைக்க முடிந்தால் மிக நல்லது.

இப்போது உங்கள் மகள். கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தவள் அவள்தான். உள்ளே போகும் ஈயத்தில் பெரியவர்கள் உறிஞ்சுவதைப்போல் நான்கைந்து மடங்கு குழந்தைகள் உறிஞ்சுகிறார்கள்; வளரும் மூளைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை. அறிகுறி எதுவும் தெரியாமலேயே கற்கும் திறனும் கவனமும் குறையலாம். எனவே உங்கள் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல், இந்த வாரமே அவளுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வேலை உடையையும் செருப்பையும் வேலையிடத்திலேயே கழற்றி வைத்து, குளித்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். அந்த உடைகளைக் குடும்பத்தாரின் துணிகளோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். குளித்து உடை மாற்றிய பிறகே அவளைத் தூக்கிக்கொள்ளுங்கள். சுரண்டிய மரத்தூள் கிடக்கும் இடத்தில் அவள் விளையாடியிருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வீட்டில் கருவுற்றவர் யாரேனும் இருந்தால் அவருக்கும் பரிசோதனை தேவை, ஏனெனில் ஈயம் நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடையும்.

இரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். பேதிப் பொடியின் பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்பதையும் அவர் பார்க்க வேண்டும். பரிசோதனைக்கு முன்பே தாங்க முடியாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, குழப்பமான பேச்சு, வலிப்பு, மணிக்கட்டைத் தூக்க முடியாத பலவீனம் ஆகியவற்றில் எது வந்தாலும், இரவானாலும் உடனே அவசரப் பிரிவுக்குச் சென்று, நீங்கள் பழைய பெயின்ட் சுரண்டும் வேலை செய்பவர் என்பதை முதலில் சொல்லுங்கள்.