பூக்களை அறிந்த எண்ணெய்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அண்மையில் ஒரு கட்டுரையில் பெட்ரோலியத்தைக் ‘கடற்பாசிகளின் சாறு’ என்று எழுதியிருந்தீர்கள். அதன்பின் வானியற்பியலாளர் தாமஸ் கோல்ட் பற்றிய நீண்ட காணொளி ஒன்றைப் பார்த்தேன். எண்ணெய் உயிர்களிலிருந்து வந்ததல்ல, பூமி உருவானபோதே ஆழத்தில் அகப்பட்ட ஹைட்ரோகார்பன் (கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள்) மேலே கசிகிறது, ஆகவே அது தீராது என்பது அவர் கட்சி. விண்ணிலிருந்து சீரான துடிப்புகளை அனுப்பும் பல்சர்கள் சுழலும் நியூட்ரான் விண்மீன்கள் என்று சரியாகச் சொன்ன மேதை அவர். நிலவியலாளர்களோ குண்டுச்சட்டியில் குதிரை ஓட்டுபவர்கள். கண்டப்பெயர்ச்சியைச் சொன்ன வேகனரையும் இப்படித்தான் ஏளனம் செய்தார்கள். எண்ணெய் நிறுவனங்களுக்குத் தட்டுப்பாடு என்ற பேச்சு இருந்தால்தான் விலை நிற்கும். வணிகவியல் படித்த நான் யாரை நம்புவது?

செல்வம்

அன்புள்ள செல்வம்,

இந்தக் கோட்பாட்டில் நானும் ஓராண்டு மயங்கிக் கிடந்தவன்தான். ஆகவே உங்களை நோக்கிப் புன்னகைக்க எனக்கு உரிமை இல்லை.

இது கிறுக்கர்களின் கற்பனையும் அல்ல. தனிம அட்டவணையைத் தந்த மெண்டலீவே 1877ல், பூமிக்கடியில் இரும்புக் கார்பைடுகள் மீது நீர் பட்டு எண்ணெய் உருவாகலாம் என்றார். 1951ல் சோவியத் நிலவியலாளர் குத்ரியாவ்த்செவ் அதைப் புதுப்பித்தார். உயிரில்லாமல் ஹைட்ரோகார்பன் உருவாகும் என்பதில் இன்று யாருக்கும் சந்தேகமில்லை. சனியின் துணைக்கோளான டைட்டனில் மீத்தேன் ஏரிகளே இருக்கின்றன. அட்லாண்டிக் கடலடியில் 2000ல் கண்டறியப்பட்ட ‘லாஸ்ட் சிட்டி’ வெந்நீர் ஊற்றுகளில் பாறையும் நீரும் வினைபுரிந்தே மீத்தேன் வருகிறது. ‘உண்டாகுமா’ என்ற வழக்கு முடிந்துவிட்டது. பீப்பாயில் அடைத்து விற்கும் எண்ணெய் அப்படி உண்டானதா என்பதுதான் நம் வழக்கு.

1930களில் ஆல்ஃபிரட் ட்ரெய்ப்ஸ் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கச்சா எண்ணெயில் போர்ஃபிரின் என்ற வளைய மூலக்கூறுகளைக் கண்டுபிடித்தார். இலையின் பச்சையத்துக்கு ஒரு வளையம் உண்டு, அதன் நடுவில் மக்னீசியம் உட்கார்ந்திருக்கும். எண்ணெயில் அதே வளையம், சற்றுச் சிதைந்து, நடுவில் மக்னீசியத்துக்குப் பதில் வனேடியமோ நிக்கலோ. வீடு அதே வீடு, குடியிருப்பவர் மட்டும் மாறிவிட்டார். எண்ணெயில் உயிரின் தடயங்கள் இருப்பதற்குக் கோல்ட் ஒரு சாமர்த்தியமான விளக்கம் சொன்னார்: எண்ணெய் மேலேறி வரும் வழியில் ஆழத்து நுண்ணுயிர்கள் அதைத் தின்று விட்டுச்சென்ற எச்சங்கள் இவை. ஆழத்தில் நுண்ணுயிர்கள் இருப்பது உண்மை. அதை உரக்கச் சொன்ன பெருமையில் அவருக்குப் பங்குண்டு. ஆனால் வெளிச்சமே இல்லாத ஆழத்தில் பச்சையத்துக்கு என்ன வேலை?

என் மயக்கத்தைத் தெளிவித்தது இன்னொரு மூலக்கூறு. ஓலியனேன் என்று பெயர். பூக்கும் தாவரங்களின் பிசின் போன்ற பொருள்களிலிருந்து வருவது. சில எண்ணெய்களில் அது கணிசமாக இருக்கும், சிலவற்றில் இருக்காது. இருப்பவை பெரும்பாலும் டைனோசர்களின் கடைசிக் காலமான கிரிடேசியஸிலும் அதற்குப் பின்னரும் படிந்த பாறைகளிலிருந்து வந்தவை, அதாவது பூமியில் பூக்கள் பெருகிய பிறகு. எண்ணெய் ஆதியிலிருந்தே ஆழத்தில் கிடந்தது என்றால், மேலே எப்போது பூ பூத்தது என்று அதற்கு யார் சொன்னார்கள்? இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தோற்ற வருத்தத்தைவிட, ஒரு சொட்டு எண்ணெய்க்குள் பூவின் வரலாறு இருக்கிறது என்ற வியப்புதான் பெரிதாக இருந்தது.

இனி உங்கள் மேதை. நீங்கள் சொன்னதைவிட வலுவாகவே அவருக்காக வாதாட முடியும். 1948ல் அவர், காது ஒலியை வெறுமனே வாங்கும் கருவி அல்ல, உள்ளே ஆற்றல் செலவிட்டு அதைப் பெருக்குகிறது என்றார். வல்லுநர்கள் கண்டுகொள்ளவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1978ல், டேவிட் கெம்ப் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் காதிலிருந்தே ஒலி வெளிவருவதைப் பதிவு செய்தார். ஆனால் அதே 1948ல் அதே மூளை, பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்ற நிலைத்த பிரபஞ்சக் கோட்பாட்டையும் ஹெர்மன் போண்டி என்ற அறிவியலாளருடன் சேர்ந்து முன்வைத்தது. பிரபஞ்சத்தின் சூடான தொடக்கத்தின் எச்சமாக 1965ல் கண்டறியப்பட்ட பின்னணிக் கதிர்வீச்சுக்குப் பிறகு அது எழவே இல்லை. காதில் ஜெயித்ததை வைத்து வானத்தில் பந்தயம் கட்டியிருந்தால் உங்கள் காசு போயிருக்கும். கெல்வினைப் பாருங்கள். வெப்பவியலின் பேராசான், பூமியின் வயது இரண்டு முதல் நான்கு கோடி ஆண்டுகள் என்று 1897ல் சொன்னார். உண்மை வயது ஏறத்தாழ 454 கோடி. அங்கே குண்டுச்சட்டி நிலவியலாளர்கள்தான் ‘போதாது, போதாது’ என்று முனகிக்கொண்டிருந்தார்கள்.

கோல்டிடம் நான் மதிப்பது வேறொன்று. அவர் தன் கோட்பாட்டைத் துளையிட்டுப் பார்க்கச் சொன்னார். ஸ்வீடனில் சில்யான் என்ற இடத்தில், பல கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து நொறுங்கிய, உயிரின் எச்சம் இல்லாத கிரானைட்டில் 1986ல் துளையிடத் தொடங்கினார்கள். ஆறரை கிலோமீட்டருக்கும் மேல் போனார்கள். கிடைத்தது காந்தத் துகள்கள் கலந்த கறுப்புப் பசை. அடுத்த துளையிலிருந்து எண்பது பீப்பாய் அளவில் எண்ணெய் வந்தது. வெற்றி என்றார் கோல்ட். துளையிட ஊற்றிய திரவமே திரும்பி வந்திருக்கிறது என்றார்கள் மற்றவர்கள். போதாததற்கு, விண்கல் விழுந்த அந்த வட்டத்தின் ஓரத்திலேயே, உயிரெச்சங்கள் படிந்து எண்ணெய் தரக்கூடிய பழைய படிவுப் பாறைகளும் இருக்கின்றன. வணிகத்துக்கு ஆகும் அளவில் எதுவும் வரவில்லை. உங்கள் காணொளிக்காரர் சில்யானைப் பற்றிப் பேசினாரா? தன் கட்சிக்கு விழுந்த பலத்த அடியைத் தானே எடுத்துச் சொல்லாதவரிடம் நான் நேரம் செலவிடுவதில்லை.

வேகனர் விஷயத்தில் நிலவியலாளர்கள் தவறு செய்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்னால் கடலடித் தரையை அளந்தபோது வந்த சான்றுகள் அவர் பக்கம் சாய்ந்தன. இங்கே ட்ரெய்ப்ஸ் முதல் வந்ததெல்லாம் எதிர்ப்பக்கம். ஏளனத்துக்கு ஆளானவர் எல்லாம் வேகனர் ஆகிவிட்டால் உலகில் வேகனர்களுக்குப் பஞ்சமே இருக்காது.

நிறுவனங்களின் சதி என்கிறீர்கள். வணிகவியல் படித்த நீங்கள் இதைச் சொல்லலாமா? எண்ணெய் எங்கும் கிடைக்கும் என்பது உண்மையானால், அதை முதலில் நம்பிய நிறுவனம் யாரும் சீண்டாத கிரானைட்டை அடிமாட்டு விலைக்குக் குத்தகை எடுத்து மற்றவர்களை விழுங்கியிருக்கும். வியட்நாமின் ‘வெள்ளைப்புலி’ எண்ணெய் வயலில் கிரானைட்டிலிருந்தே எடுக்கிறார்களே என்று கேட்பார்கள். எடுக்கிறார்கள். பக்கத்தில் தாழ்ந்து கிடக்கும் பழைய ஏரிப் படிவுகளிலிருந்து வெடிப்புகள் வழியே கிரானைட்டுக்குள் புகுந்த எண்ணெய் அது. லாபநோக்கம் இல்லாத சோவியத் அரசும், குத்ரியாவ்த்செவைக் கையில் வைத்துக்கொண்டே, மேற்குச் சைபீரியப் படிவுப் பாறைகளில்தான் தன் பெருஞ்செல்வத்தைத் தோண்டியது.

கடைசியாக, ‘கடற்பாசிகளின் சாறு’ என் பிழை. கரையில் ஒதுங்கும் பாசி அல்ல. கண்ணுக்குத் தெரியாத மிதவை நுண்பாசிகள்தான் பெரும்பகுதி. எண்ணெய் வயலில் வேலை பார்த்த ஒரு வாசகர் இரண்டே வரியில் எழுதிச் சுட்டிக்காட்டினார். திருத்திவிட்டேன்.

அன்புடன்.