லெபனான் கொடியும் பிரான்ஸும்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: லெபனான் கொடியில் இருப்பது தேவதாரு மரமா?

பதில்: தேவதாருவுக்கு உறவுக்கார மரம். தேவதாரு இமயமலையில் வளர்வது. இது தமிழ் வேதாகமத்தில் வரும் ‘லீபனோனின் கேதுரு’. வடக்கே பிஷர்ரி ஊருக்கு மேலே இதன் பழைய தோப்பு ஒன்று இன்றும் இருக்கிறது.

கேள்வி: பிரெஞ்சுக் கொடியின் நடுவில் இந்த மரம் இருக்கும் படம் ஒன்று பார்த்தேன். போலியா?

பதில்: இல்லை, அது அசல். 1920 செப்டம்பர் 1 அன்று பிரெஞ்சுத் தளபதி கூரோ பெய்ரூட்டில் ‘பெரிய லெபனான்’ உருவானதாக அறிவித்தார். அப்போது அங்கே நடந்த பிரெஞ்சு ஆட்சிக் காலத்துக் கொடிதான் அது. 1926 அரசியல் சாசனத்தின் 5-ஆம் பிரிவும் அதையே சொன்னது.

கேள்வி: அப்புறம் எப்படி மாறியது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கதை இது. 1943 நவம்பர் 8 அன்று நாடாளுமன்றம் சாசனத்தைத் திருத்தி, பிரெஞ்சு அதிகாரம் பற்றிய பிரிவுகளை நீக்கியது. 11-ஆம் தேதி ஜனாதிபதி பிஷாரா அல் கூரி, பிரதமர் ரியாத் அல் சுல்ஹ் ஆகியோரைப் பிரெஞ்சு நிர்வாகம் கைது செய்து ராஷாயா கோட்டையில் அடைத்தது. அதே நாளில் சில உறுப்பினர்கள் கூடி, ஒரு தாளில் புதுக் கொடியை வரைந்து, அதிலேயே கையெழுத்தும் போட்டார்கள். தலைவர்கள் சிறையில், அடுத்து யாரைப் பிடிப்பார்கள் என்று தெரியாது. அந்த நேரத்தில் அதில் பெயர் எழுதச் சாதாரண நெஞ்சுரம் போதாது. நாடே கொந்தளித்தது. 22-ஆம் தேதி தலைவர்கள் விடுதலையானார்கள். டிசம்பர் 7 அன்று புதுக் கொடி சட்டமானது. நீலம் போனது, மரம் நின்றது.

கேள்வி: ஆஸ்திரியா கொடியில் மரத்தை ஒட்டினால் லெபனான் கொடிதானே?

பதில்: ஆஸ்திரியாவில் மூன்று பட்டையும் சமம். இங்கே இரண்டு சிவப்பையும் சேர்த்த அளவுக்கு வெள்ளை இருக்க வேண்டும். மரத்தின் உச்சியும் அடியும் சிவப்பைத் தொட வேண்டும். பலர் தண்டுக்குப் பழுப்பு அடிக்கிறார்கள், அது தவறு. சாசனம் சொல்லும் மரம் பச்சை.

கேள்வி: லெபனான் மக்களுக்குப் பிரான்ஸ் மேல் கோபமா, பாசமா?

பதில்: யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1860-இல் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்ட படுகொலைகளுக்குப் பிறகு பிரெஞ்சுப் படை வந்து இறங்கியதை மரோனைட் கிறிஸ்தவர்கள் நன்றியோடு நினைத்தார்கள். 1920-இல் தங்களைக் கேட்காமலே புது நாட்டில் சேர்த்துவிட்டார்கள் என்று முஸ்லிம்கள் பலர் எதிர்த்தார்கள். பேச்சிலோ பிரெஞ்சு ஊறிப்போயிருக்கிறது: பெய்ரூட்டில் ‘ரொம்ப நன்றி’ என்பதற்கு ‘மெர்சி க்தீர்’ என்பார்கள், முதல் சொல் பிரெஞ்சு, அடுத்தது அரபு.

கேள்வி: 2020-இல் பிரெஞ்சு ஆட்சியே திரும்ப வேண்டும் என்று மனு போட்டார்களாமே?

பதில்: ஆமாம். பெய்ரூட் துறைமுக வெடிவிபத்து நடந்து இரண்டே நாளில் பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன் வந்தார். அப்போதுதான் பத்து ஆண்டு பிரெஞ்சு ஆட்சி கேட்டு இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். அதைப் பிரான்ஸ் மீதான ஏக்கம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. சொந்த ஆட்சியாளர்கள் கைவிட்டார்கள் என்ற வேதனைதான் அதில் தெரிந்தது.