நேற்றைக்கும் 'கோ', மனைவிக்கும் 'ஹி': சீன மாணவருக்கு எப்படிச் சொல்லித்தருவது?

கேள்வி: சிங்கப்பூரில், சீனாவிலிருந்து வேலைக்கு வந்த இரண்டு பேருக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். விதியைக் கேட்டால் சரியாகச் சொல்கிறார்கள். எழுதினால் 'யெஸ்டர்டே ஐ கோ' என்றுதான் வருகிறது. ஒருவர் மனைவியை 'ஹி' என்கிறார். எத்தனை முறைதான் திருத்துவது?

பதில்: கொஞ்ச நாள் திருத்தாமல் இருங்கள். இது கவனக்குறைவு இல்லை. சீன மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறுவதே இல்லை. போவதற்கு 'ச்சூ' என்றால் நேற்றும் ச்சூதான், நாளையும் ச்சூதான். 'சுவோதியன்', அதாவது நேற்று, என்று சொல்லியாயிற்றே, அப்புறம் வினையையும் எதற்கு மாற்ற வேண்டும் என்பது அவர்கள் பழக்கம்.

'இறந்தகாலத்துக்கு எங்களுக்கு லெ இருக்கிறதே' என்று, சீனத்தில் வினைக்குப் பின்னால் வரும் ஒரு சிறு சொல்லைக் காட்டி மாணவர் சொல்லக்கூடும். இங்கே தமிழ் உங்களுக்குக் கைகொடுக்கும். 'நாளைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகிறேன்' என்பதைச் சீனத்தில் சொன்னாலும் சாப்பிடும் வினையோடு லெ வரும். நாளைய சாப்பாட்டுக்கு! ஆக, லெ நம் 'விட்டு' மாதிரி. செயல் முடிவதைக் காட்டுமே தவிர, இறந்தகாலத்தை அல்ல. 'சின்ன வயதில் தினமும் நீந்துவேன்' போன்ற பழைய வழக்கத்துக்கு லெ வராது. அங்கே மாணவர் 'ஸ்விம்' என்றே எழுதிவிடுவார். அந்த இடங்களில் கூடுதலாகக் கண் வையுங்கள்.

எழுதும்போது குறுக்கிட வேண்டாம். முடித்ததும் வினைகளுக்கு மட்டும் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் நின்று 'இது எப்போது?' என்று அவரே கேட்டுக்கொள்ளட்டும். அந்தச் சுற்றில் வேறு எந்தப் பிழையையும் தொடாதீர்கள்.

ஹி, ஷி சிக்கல் காது சம்பந்தப்பட்டது. அவன், அவள், அது மூன்றுக்கும் 'தா' என்ற ஒரே ஒலி. எழுத்து மட்டும்தான் வேறு; 'அவள்' என்பதற்கான தனி எழுத்தே 1920களில்தான் பரவியது. எழுத்தில் சரியாக இருப்பவரும் பேச்சில் தடுமாறுவது அதனால்தான். குடும்பப் படம் ஒன்றைக் காட்டி ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். தவறினால் 'யார்?' என்று மட்டும் கேளுங்கள், போதும்.

'ஆல்தோ' போட்டுவிட்டு 'பட்'டும் போடுகிறார்களா? சீனத்தில் அவை ஜோடியாக வருபவை. ஒன்றை அடிக்கச் சொன்னால் சீக்கிரம் பழகிவிடும். 'எ', 'தி' இரண்டையும் கடைசிக்கு வையுங்கள். நமக்கே அவை லேசில் வந்தனவா?

பிழையே இல்லாத இடத்தையும் பாருங்கள். 'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்பதைச் சொல்லுக்குச் சொல் இதே வரிசையில் சீனத்திலும் சொல்லலாம். ஆங்கிலத்தில் புத்தகம் முன்னால் வந்து 'தட்' தொடர வேண்டும். 1974இல் ஜாக்குலின் ஷாக்டர் என்ற ஆய்வாளர் ஒன்றைக் கவனித்தார்: சீன, ஜப்பானிய மாணவர்கள் இவ்வகை வாக்கியங்களில் குறைவாகவே தவறினார்கள், காரணம் அவர்கள் அவற்றை எழுதியதே குறைவு. உங்கள் மாணவர்களின் நோட்டில் கடைசிப் பத்துப் பக்கங்களைப் புரட்டி, 'தட்', 'விச்', 'ஹூ' இப்படி எத்தனை முறை வந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டுதான் என்றால், அடுத்த வகுப்பை அங்கிருந்து தொடங்குங்கள்.