கூண்டு காலி, மகள் சாப்பிடவில்லை

கேள்வி: நாங்கள் வளர்த்த எட்டு மாதச் சின்சில்லா (அணில் மாதிரி, ரோமம் அடர்ந்த கொறிக்கும் பிராணி), ராத்திரி குளியல் தூளில் (தண்ணீருக்குப் பதில் அது புரண்டு குளிக்கும் நுண்தூள்) புரண்டு விளையாடியது, காலையில் விறைத்துக் கிடந்தது. மகள் சாப்பிட மறுக்கிறாள். என் கவனக்குறைவா? - வாசகி, கீழக்கரை

பதில்: உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக் குளிருக்கென்றே பிறந்த பிராணி அது, வியர்க்காது, ரோமமோ அவ்வளவு அடர்த்தி, 25 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கும், இதில் நம் கடற்கரைப் புழுக்கத்தில் கரண்டும் போனால் கேட்கவே வேண்டாம். (விற்றவர் சொல்லியிருக்க வேண்டும்!) ஆனால் வெக்கைதான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது, மற்ற பிராணிகளுக்கு இரையாகிற இனம், நோவை லேசில் வெளியே காட்டாது.

மகளிடம் 'வேறு வாங்கலாம்' என்று பேச்சை மாற்றாதீர்கள், அழட்டும். அதைப் பற்றியே பேசவிடுங்கள். சாப்பிட வற்புறுத்தாமல் கொஞ்சம் கஞ்சியைப் பக்கத்தில் வையுங்கள், பசித்தால் குடிப்பாள். அப்புறம், இன்னொரு சின்சில்லா மட்டும் இந்த ஊருக்கு வேண்டவே வேண்டாம்.