மகனுக்கு எந்தக் கம்பெனி வில்?

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகன் வில்வித்தை பழகுகிறான். வேட்டைக்கான காம்பவுண்ட் வில்தான் (முனைகளில் கப்பி வைத்த வில்) வேண்டுமாம். ஹாய்ட், மேத்யூஸ், பி.எஸ்.இ. இவற்றில் எதை வாங்குவது?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மூன்றுமே நல்ல அமெரிக்கக் கம்பெனிகள்தான் அம்மா. ஆனால் பெயரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பையனைச் சுவரோரம் நிற்கவைத்து, இரண்டு கைகளையும் விரிக்கச் சொல்லி, நடுவிரல் நுனிக்கு நுனி டேப் பிடியுங்கள். அதை 2.5-ஆல் வகுத்தால் நாண் இழுக்கும் நீளம் ஏறக்குறைய தெரிந்துவிடும். 65 அங்குலம் என்றால் 26. வளரும் பிள்ளை, அந்த நீளத்தைக் கூட்டிக்கொள்ளும் வசதி கட்டாயம் வேண்டும்.

வேட்டை வில்லைப் புதருக்குள் தூக்கித் திரிய வசதியாகக் குட்டையாகச் செய்கிறார்கள். நம் நாட்டில் 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி வேட்டைக்கே தடை. போட்டியில் 50 மீட்டருக்கு எய்ய, நீளமான இலக்கு வில்தான் கை ஆடாமல் நிற்கும். இழுவிசை 60 பவுண்டைத் தாண்டக்கூடாது என்பது போட்டி விதி. அவன் குறைவாகவே தொடங்கட்டும்.

நாண் மாற்ற, வில்லை அழுத்திப் பிடிக்கும் பிரெஸ் என்ற கருவி வேண்டும். அதனால், பயிற்சியாளரிடம் எந்தக் கம்பெனிக்கு உதிரிபாகம் கிடைக்கிறதோ, என் ஓட்டு அதற்குத்தான். அப்புறம், அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடவே கூடாது. வில் உடைந்து முகத்தில் தெறிக்கும். கடையில் சும்மா பார்க்கும்போதும் கூடாது.