முகாம் சுவரில் யார் படம்?

அன்புள்ள ஐயா,

லால்குடியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். திருச்சிப் பக்கம் ஓர் இலங்கைத் தமிழர் முகாமில் ஞாயிறுதோறும் நானும் சில தோழிகளும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறோம். அங்குள்ள பெண்களைச் சேர்த்துக்கொண்டு முன்சுவரில் பெரிய ஓவியம் ஒன்று வரையத் திட்டம். வரதட்சிணை, குடி, பெண்கல்வி என்று மூன்று தலைப்புகள் வைத்திருக்கிறோம். ஓவியரும் கிடைத்துவிட்டார். பெண்கள் 'சரி டீச்சர்' என்கிறார்கள், ஆனால் யாருக்கும் ஆர்வமில்லை. இது கலையாக வருமா, வெறும் விழிப்புணர்வுச் சுவராகப் போய்விடுமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

கலையா விழிப்புணர்வா என்பது அப்புறம். தலைப்பை நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள், படத்தை ஓவியர் முடிவு செய்வார். அந்தப் பெண்களுக்கு மிச்சமிருப்பது வண்ணம் நிரப்பும் வேலை. ஆர்வம் எங்கிருந்து வரும்?

குடியும் வரதட்சிணையும் அங்கேயும் இருக்கும்தான். ஆனால் அவை நம் தெருவிலும் இருக்கின்றன. நம் தெருவில் இல்லாதவை சில அங்கே உண்டு. முகாமில் ஆட்களைச் சரிபார்க்கும் தணிக்கை நாளில் நேரில் போய் நிற்க வேண்டும். 1987 ஜூலை முதல் இங்கே பிறந்தவர், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால் பிறப்பால் குடியுரிமை பெற முடியாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. 2021-இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது, அதனால் சட்டத்தின் முன் அவர்கள் நிலை மாறவில்லை. இதையெல்லாம் அவர்கள் வரைவார்களா என்று எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு வரன் பார்ப்பதைப் பற்றியோ, தலைமன்னாரில் விட்டுவந்த வீட்டைப் பற்றியோ சொல்லலாம். கேட்டால்தானே தெரியும்?

1978-இல் மெக்சிகோ நகரில் மோனிகா மாயர் என்ற கலைஞர் அப்படித்தான் கேட்டார். 'ஒரு பெண்ணாக இந்த நகரத்தில் உங்களுக்குப் பிடிக்காதது எது?' பதில்களை இளஞ்சிவப்புத் துண்டுச் சீட்டுகளில் வாங்கி, அருங்காட்சியகத்தில் துணி காயப்போடும் கொடி கட்டி கிளிப் போட்டு மாட்டினார். தெருவிலும் பேருந்திலும் நடக்கும் சீண்டல்தான் நிறையச் சீட்டுகளில் இருந்தது. கேள்வி மட்டும்தான் அவருடையது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1975-க்குப் பிறகு லாவோஸிலிருந்து மேகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்கு வந்த மோங் மக்களில், பெண்கள் பரம்பரையாகக் கோலம் போன்ற பூவேலை செய்பவர்கள். முகாமில் அது கதை சொல்லும் துணியாக மாறியது. போர், ஆற்றைக் கடந்தது, முகாம் வாழ்க்கை எல்லாம் அதில் வந்தன. அருமையான வேலை. ஆனால் பல துணிகளில் படத்தை வரைந்தது ஆண்கள், தைத்தது பெண்கள். வெளிநாட்டில் வாங்குபவருக்குப் புரிய ஆங்கில வரிகளையும் தைத்தார்கள். பிழைப்பு நடந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் சுவர் நேராக அந்த இரண்டாம் பாதிக்குப் போகிறது: படம் ஒருவருடையது, கைவேலை பெண்களுடையது.

சுவரே வேண்டாம் என்பேன். முன்சுவரில் இருப்பதை அதிகாரியும் பார்ப்பார், அடிக்கிற புருஷனும் பார்ப்பான். வரைந்தவள் அன்று ராத்திரி அதே வீட்டில்தான் படுக்க வேண்டும். துணியென்றால் சுருட்டி வைக்கலாம், எது யார் தைத்தது என்று சொல்லாமலும் விடலாம். நம் ஊரில் அதற்கு ஆள் இல்லையா? தேரில் தொங்குகிற தொம்பை, வண்ணத் துணியை வெட்டி ஒட்டித் தைக்கிற வேலைதானே! தஞ்சாவூர்ப் பக்கம் தொம்பை தைப்பவர் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். சும்மா வரச் சொல்லாதீர்கள். பழைய புடவை எல்லார் வீட்டிலும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு வசதிப்படுமா என்பதையும் கேளுங்கள். வாரம் முழுக்கக் கூலிக்குப் போகிறவளுக்குத் துணி துவைக்க அந்த ஒருநாள்தான்.

விற்றால் பணம் யாருக்கு, யார் பெயர் போடுவது, எங்கே காட்டக்கூடாது என்பதையெல்லாம் கத்தரி எடுக்கும் முன்பே பேசிவிடுங்கள். நடுவில் ஒருத்தி தன் துண்டைத் திரும்பக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். ஓவியரிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள். அட்வான்ஸ் வாங்கியிருந்தால் வந்து துணி வெட்டித் தரட்டும்.